சுகர் சென்சார் ஒட்டப் போறியா? இதைக் கேட்டுட்டு ஒட்டு!

மேல்கையோட பின்பக்கம் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசா ஒரு வெள்ளை வில்லை. அதுக்கு அடியில அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிசா ஒரு இழை தோலுக்குள்ள போயிருக்கும். ரெண்டு வாரம் ராப்பகலா சுகரைப் பார்த்துச் சொல்லிக்கிட்டே இருக்கும். விலை ஆயிரக்கணக்குல ஆகுது. அவ்வளவு காசு கொடுத்து வாங்கிட்டு, ரெண்டு வாரமும் போனைப் பார்த்துப் பயந்தே கழிச்சவங்களை நிறையப் பார்த்துட்டேன். 160-னு வந்தா அழுகை, 95-னு வந்தா சிரிப்பு, பதினாலு நாள் முடிஞ்சா குப்பைத்தொட்டி. கத்துக்கிட்டது ஒண்ணும் இல்ல.

நீ அப்படிப் பண்ணாதே. உன் தட்டையும் மாத்திரையையும் தூக்கத்தையும் சோதிச்சுப் பார்க்கத்தான் இது வருதுன்னு நினைச்சு வாங்கு. கொடுத்த காசு செரிக்கும்.

வாங்குறதுக்கு முன்னாடி

1. டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்கு. இன்சுலின் போடுறவங்க, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிட்டு அடிக்கடி சுகர் லோ ஆகுறவங்க, லோ ஆனாலும் படபடப்பு தெரியாதவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க, இவங்களுக்கெல்லாம் பயன் அதிகம். மெட்பார்மின் மட்டும் சாப்பிட்டு, மூணு மாசச் சுகர் சராசரியும் ஒழுங்கா இருக்கிறவங்க மாசாமாசம் வாங்கத் தேவையில்ல. எப்பவாவது ஒண்ணு போட்டுப் பார்த்தா போதும்.

2. எந்த வகைன்னு தெரிஞ்சு வாங்கு. ஒரு வகையில ரீடிங் உன் போனிலேயே தெரியும். இன்னொரு வகையை டாக்டர் ஒட்டிவிடுவார். உனக்கு ஒண்ணும் தெரியாது, ரெண்டு வாரம் கழிச்சு அவர்தான் எடுத்துப் பார்ப்பார். 1999-ல அமெரிக்காவுல முதல்முதலா அனுமதி கிடைச்ச கருவியே இப்படித்தான், டாக்டர் பார்க்கிறதுக்கு மட்டும். மருந்தளவைச் சரி பண்ண அந்த வகை போதும். சாப்பிட்ட உடனே என்ன ஆகுதுன்னு நீ பார்க்கணும்னா முதல் வகைதான் வாங்கணும்.

3. தோலுக்குள்ள எதுவும் போகாம சுகர் காட்டும்னு விக்கிற கைக்கடிகாரம், மோதிரம் எதுவும் வேண்டாம். அப்படி எதுக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கலைன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில வெளிப்படையா எச்சரிச்சிருக்கு. அந்தக் கடிகாரம் காட்டுற நம்பரை நம்பி ஒருத்தர் ஊசி போட்டுக்கிட்டா உயிருக்கே ஆபத்து. சென்சார்ல இருக்கிற ரீடிங்கைக் கடிகாரத்துல காட்டுறது வேற விஷயம், அது பரவாயில்ல.

4. உன் போன்ல அந்த ஆப் வேலை செய்யுமான்னு பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே பாரு. பிரிச்ச சென்சாரைக் கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டார்.

5. நாள் பார்த்து ஒட்டு. ராகுகாலம் பார்க்கச் சொல்லலை. வீட்டுக் கல்யாணம், தீபாவளிப் பலகாரம், வெளியூர்ப் பயணம் இருக்கிற ரெண்டு வாரத்தை விட்டுடு. வழக்கமா சமைச்சு, வழக்கமா வேலைக்குப் போற ரெண்டு வாரத்துலதான் உன் நிஜம் தெரியும். எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் தேதி ஏதாவது இருக்கான்னும் பார்த்துக்கோ. ஸ்கேனுக்காகக் கழட்டச் சொன்னாலும் சொல்லுவாங்க, கழட்டினா திரும்ப ஒட்டாது.

ஒட்டும்போது

6. இடம்: மேல்கையோட பின்பக்கம், சதை இருக்கிற பகுதி. தழும்பு, மச்சம், இன்சுலின் போடுற இடம் எல்லாத்தையும் விட்டுத் தள்ளி ஒட்டு. புடவை கட்டுறவங்க ஒண்ணு கவனிக்கணும்: இறுக்கமான ப்ளவுஸ் கையோட விளிம்பு சரியா அந்த இடத்துலதான் வந்து அழுத்தும். ப்ளவுஸைப் போட்டுப் பார்த்து, விளிம்பு எங்க வருதுன்னு பேனாவால ஒரு கோடு போட்டுக்கிட்டு, அதுல இருந்து விலகி ஒட்டு. ரெண்டு வாரம் தொளதொள கையா தேடிப் போட்டாலும் நல்லதுதான். எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவியோ அந்தக் கை வேண்டாம்.

7. ஸ்பிரிட் பஞ்சால துடைச்சிட்டு, முழுசாக் காயுற வரைக்கும் இரு. ஈரத்தோட ஒட்டுறதுதான் மூணாம் நாளே உரிஞ்சு வர்றதுக்குக் காரணம். எண்ணெய்க் குளியல் பழக்கம் இருந்தா ரெண்டு வாரத்துக்கு அந்தக் கையில எண்ணெய் படக்கூடாது. குளிக்கலாம், தேய்க்கக் கூடாது. பஸ்ல கூட்டத்துக்குள்ள புகும்போதும், கதவு நிலையைத் தாண்டும்போதும் அந்தத் தோளைக் கொஞ்சம் ஒடுக்கிக்கோ. தோள்பையை மறு தோளுக்கு மாத்து.

8. வாங்கின சென்சாரை வெயில்ல நிக்கிற கார்லயோ ஸ்கூட்டர் டிக்கியிலயோ வைக்காதே. உள்ள இருக்கிறது நொதி, சூட்டுல கெட்டுப்போகும்.

9. சாயங்காலமா ஒட்டு. ஒட்டினதும் ரீடிங் வராது, சூடு பிடிக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கிற வகைகள் உண்டு. முதல் நாள் நம்பரும் அவ்வளவு துல்லியமா இருக்காது. ராத்திரியோட அது நிலைப்பட்டுட்டா, காலை இட்லியிலிருந்து உன் கணக்கைத் தொடங்கலாம்.

யாராவது “கையில என்ன?”ன்னு கேட்டா நேரா சொல்லிடு. ஐசிஎம்ஆர் நடத்திய பெரிய ஆய்வு 2023-ல வந்ததே, அதுல தமிழ்நாட்டுப் பெரியவங்கள்ல நூத்துக்கு 14 பேருக்கு மேல சுகர். கேட்கிற ஆளுக்கே இருக்கும்.

நம்பரைப் பார்த்து நடுங்காதே

10. சென்சார் பார்க்கிறது ரத்தத்தை இல்ல, தோலுக்கு அடியில செல்களுக்கு நடுவுல இருக்கிற நீரை. கீழ மோட்டார் போட்டாலும் மாடிக் குழாய்ல தண்ணி வரக் கொஞ்ச நேரம் ஆகுதில்ல, அதுமாதிரி ரத்தத்துல ஏறினது இங்க வந்து சேர அஞ்சிலிருந்து பதினஞ்சு நிமிஷம் ஆகும். அதனால விரல்ல குத்திப் பார்த்ததும் இதுவும் ஒரே நம்பரா இருக்கணும்னு அடம்பிடிக்காதே. விரல்ல 150, சென்சார்ல 168-ன்னா அது பழுது இல்ல. சாப்பிட்ட உடனேயும் வேகமா நடந்த உடனேயும் வித்தியாசம் இன்னும் கூடும். ரெண்டையும் ஒப்பிட்டே தீரணும்னா, வயிறு காலியா இருக்கும்போது, நம்பர் பக்கத்துல வர்ற அம்புக்குறி படுத்திருக்கிற நேரமா, அதாவது சுகர் ஏறாம இறங்காம இருக்கிற நேரமாப் பார்த்து ஒப்பிடு.

11. நம்பரைவிட அம்பு முக்கியம். 110-ல அம்பு படுத்திருந்தா நிம்மதி. அதே 110-ல அம்பு நேரா கீழ பார்த்தா, ஒவ்வொரு நிமிஷமும் ரெண்டு புள்ளிக்கு மேல இறங்குதுன்னு அர்த்தம். இருபது நிமிஷத்துல எங்க போய் நிக்கும்னு நீயே கணக்குப் போடு. வண்டி ஓட்டக் கிளம்புற நேரத்துல இதைப் பார்க்காம சாவியைத் தொடாதே.

12. உடம்பு ஒண்ணு சொல்லி சென்சார் ஒண்ணு சொன்னா, விரலைக் குத்திப் பாரு. கையைக் கழுவிட்டுக் குத்து. மாம்பழம் நறுக்கின விரல்ல குத்தினா மாம்பழத்தோட சுகரைத்தான் காட்டும். மீட்டர் பக்கத்துல இல்ல, ஆனா வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குதுன்னா யோசிக்கவே வேண்டாம், முதல்ல சர்க்கரையைச் சாப்பிடு.

13. ராத்திரி ரெண்டு மணிக்கு “லோ”ன்னு கத்தும். பதறி எழுந்து லட்டைத் தேடாதே. ஒட்டின கை மேலயே படுத்திருந்தா அந்த இடம் அழுந்தி, இல்லாத லோவைக் காட்டும். புரண்டு படுத்தா சரியாகிடும். ஆனா இன்சுலின் போடுறவங்க இதையே சாக்கா வச்சுத் தூங்கிடக் கூடாது. விரல்ல ஒரு குத்து குத்திப் பார்த்துட்டுத் தூங்கு.

14. உண்மையான லோ, அதாவது 70-க்குக் கீழ போனா: மூணு ஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணியில கலக்கிக் குடி. சாக்லேட், பால், ஐஸ்க்ரீம் வேண்டாம்; கொழுப்பு இருக்கிறதால மெதுவாத்தான் ஏறும். பதினஞ்சு நிமிஷம் கழிச்சு விரல்ல பாரு. சென்சார்ல பார்த்தா இன்னும் லோன்னுதான் காட்டும், முன்ன சொன்ன தாமதம்தான் காரணம். அதை நம்பி இன்னும் ரெண்டு டம்ளர் குடிச்சு 300-க்குப் போய் நிக்கிறவங்க ஏராளம். 54-க்குக் கீழ போறது ஆபத்து, அன்னைக்கே டாக்டருக்குச் சொல்லணும்.

   இன்னொண்ணு, இதைப் பலபேர் சொல்லித் தர்றதில்ல. உன் மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பாரு. அதுல வோக்லிபோஸ், அகார்போஸ்னு இருந்தா, லோ ஆகும்போது வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் கைகொடுக்காது. சர்க்கரையைக் குடல்ல உடையவிடாம தடுக்கிறதுதான் அந்த மருந்தோட வேலையே. உனக்கு குளுக்கோஸ்தான். கைப்பையில ஒரு பாக்கெட், தலைமாட்டுல ஒரு டப்பா.

15. அலாரத்தை 180-ல வச்சா நாள் பூரா கத்தும், நாலாம் நாள் நீயே அணைச்சிடுவே. மேல் அலாரத்தை ஆரம்பத்துல 240, 250-ல வச்சுக்கோ. கீழ் அலாரத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்காதே. பேட்டரியை மிச்சப்படுத்துற வசதி போன்ல இருந்தா, இந்த ஆப்புக்கு மட்டும் விலக்கு கொடு. இல்லேன்னா ராத்திரியில ஆப்பும் தூங்கிடும்.

16. சத்து மாத்திரை சாப்பிடுறியா? சில சென்சார்கள்ல ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல வைட்டமின் சி போனா ரீடிங் பொய்யா ஏறும். வேற சிலதுல பாராசிட்டமால் அப்படிப் பண்ணும். பெட்டிக்குள்ள இருக்கிற சீட்டை ஒரு தடவை படி.

17. ரீடிங்கைப் பிள்ளைங்களோட பகிர்ற வசதி ஆப்ல இருக்கும். நல்ல வசதிதான். ஆனா பெங்களூர்ல இருக்கிற மகன் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டு “என்னம்மா சாப்பிட்டே?”ன்னு அதட்டுறதுக்கு அது வழி ஆகிடக் கூடாது. “லோ ஆனா மட்டும் கூப்பிடு”ன்னு முதல்லயே பேசிக்கோ. லண்டன் மச்சினி தனக்கு 7.8-னு சொன்னா ஏங்காதே. அவங்க அளவு வேற, 18-ஆல பெருக்கு, 140 வரும்.

அடுப்படிச் சோதனை

இதுக்குத்தான் இத்தனை காசு, அதனால கொஞ்சம் நின்னு கேளு.

முதல் நாலு நாள் எதையும் மாத்தாதே. சென்சார் ஒட்டின அன்னைக்கே சோறை விட்டுட்டுக் கொய்யாக்காய் கடிக்கிறவங்க இருக்காங்க. நல்ல நம்பர் வரும், யாருக்கு என்ன பிரயோஜனம்? வழக்கமா என்ன சாப்பிடுவியோ அதையே, அதே அளவு சாப்பிடு. நோட்டுப் போட்டு எழுத நேரம் எங்க இருக்குன்னு கேட்பே. எழுதவே வேண்டாம், சாப்பிடுறதுக்கு முன்னாடி தட்டை ஒரு போட்டோ எடு. நேரம் அதுலயே பதிவாகிடும். காபியையும் எடு, “ஒரே ஒரு” பிஸ்கட்டையும் எடு.

அஞ்சாம் நாள்ல இருந்து ஒரு நேரத்துக்கு ஒரு மாற்றம், ஒண்ணே ஒண்ணு. இட்லியைக் குறைச்சு, காபியில சர்க்கரையை விட்டு, நடக்கவும் போனா எது வேலை செஞ்சதுன்னு எப்படித் தெரியும்? ஒரு நாள் நாலு இட்லியும் சட்னியும். இன்னொரு நாள் அதே நேரத்துக்கு ரெண்டு இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார், ஒரு அவிச்ச முட்டை இல்லேன்னா ஒரு கிண்ணம் சுண்டல். ரெண்டு கோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. எங்க ஆரம்பிச்சது, எவ்வளவு உயரம் போனது, திரும்ப இறங்க எத்தனை மணி நேரம் ஆச்சு, இந்த மூணு கேள்விதான்.

அடுத்தது வரிசை. தட்டுல இருக்கிறதை மாத்தாம, சாப்பிடுற வரிசையை மட்டும் மாத்து. பொரியல், கூட்டு, மீன், முட்டை முதல்ல, சோறு கடைசியில. 2015-ல நியூயார்க்ல வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்காரங்க சுகர் இருக்கிறவங்களை வச்சே இதைச் சோதிச்சாங்க. காயும் புரதமும் முதல்ல உள்ள போனா, அதே சாப்பாட்டுக்குச் சுகர் குறைவா ஏறுச்சு. நம்ம வீட்டுல சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டுப் பொரியலைத் தொட்டுக்கிறதுதான் பழக்கம். ரெண்டு நாள் மாத்திப் பாரு, செலவே இல்லாத சோதனை.

பல வீட்டுல நம்பிக்கிட்டிருக்கிற விஷயங்களையும் இப்பவே சோதிச்சுடு. கேழ்வரகு நல்லதுன்னு நைஸா அரைச்ச மாவுல கஞ்சி காய்ச்சிக் குடிப்பே. குடிக்கிற கஞ்சி பலருக்கும் சுர்ருன்னு ஏறும். அதே கேழ்வரகைக் களியாவோ கீரை போட்ட அடையாவோ சாப்பிட்டுப் பாரு. ராத்திரி சோத்துக்குப் பதிலா நாலு சப்பாத்தின்னு இருக்கிறவங்க, அந்த நாலு சப்பாத்தி என்ன பண்ணுதுன்னு ஒரு நாள் கண்ணால பார்க்கட்டும். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலா நாட்டுச் சர்க்கரை, தேன்னு மனசைத் தேத்திக்கிறவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், போனே சொல்லும்.

ஞாயித்துக்கிழமை பிரியாணியையும் விட்டுடாதே, சாப்பிடு. ரெண்டு மணி நேரத்துல பார்த்தா “பரவாயில்லையே”ன்னு தோணும். எண்ணெயும் கறியும் இருக்கிறதால மெதுவா ஏறி, நாலஞ்சு மணி நேரம் இறங்காம நிக்கும். பரோட்டா சால்னாவும் அப்படித்தான். வெறும் வயித்துல ஒண்ணு, சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல ஒண்ணுன்னு இத்தனை வருஷமா லேப்ல கொடுத்தோமே, அதுக்குக் கண்ணுல படாத மேடு இது.

சாப்பிட்டதும் பத்து, பதினஞ்சு நிமிஷம் நட. மொட்டை மாடியே போதும், செருப்பு வாங்கக் கிளம்பாதே. நடந்த நாளையும் உட்கார்ந்து சீரியல் பார்த்த நாளையும் ஒப்பிட்டா, அதுக்கப்புறம் உன்னை யாரும் நடக்கச் சொல்ல வேண்டியிருக்காது.

விடியக்காலையில ஒண்ணும் சாப்பிடாமலே கோடு ஏறுதுன்னு பயப்படுவே. நேத்து ராத்திரி தோசையைத் திட்டாதே. விடியும் நேரத்துல சுரக்கிற ஹார்மோன்கள் ஈரலைத் தட்டி எழுப்பி சர்க்கரையை வெளிய விடச் சொல்லும், நிறையப் பேருக்கு இது உண்டு. பட்டினி கிடந்து இதைக் குறைக்கப் பார்க்காதே, டாக்டர்கிட்ட காட்டு. சரியாத் தூங்காத ராத்திரிக்கு மறுநாள், காய்ச்சல் நாள், மாதவிடாய்க்கு முந்தின நாட்கள்ல கொஞ்சம் கூட இருந்தாலும் அதே கதைதான்.

கோடு நேரா இருக்கணும்னு வறுத்த சிக்கனும் நெய்யுமா சாப்பிட ஆரம்பிச்சிடாதே. இந்த மிஷினுக்குச் சுகர் மட்டும்தான் தெரியும். கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், உப்பு எதுவும் அதுக்குத் தெரியாது. சுகரே இல்லாதவங்களுக்கும் சாப்பிட்டதும் சில நேரம் 140-ஐத் தாண்டும். மேடே இல்லாத கோடு யாருக்கும் கிடையாது.

முடிஞ்சதும்

18. ரிப்போர்ட்ல முதல்ல பார்க்க வேண்டியது, 70-க்கும் 180-க்கும் நடுவுல எத்தனை சதவீத நேரம் இருந்தேங்கிறது. 2019-ல உலக அளவுல மருத்துவர்கள் கூடி ஒத்துக்கிட்ட கணக்கு: பெரும்பாலானவங்களுக்கு 70 சதவீதத்துக்கு மேல, அதாவது ஒரு நாளைக்கு 17 மணி நேரம். 70-க்குக் கீழ 4 சதவீதத்துக்குள்ள, ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. வயசானவங்களுக்குப் பாதி நேரம் அந்த வரம்புல இருந்தாலே போதும், ஆனா லோ மட்டும் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சா யார் பார்க்கிறது? கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு வரம்பே வேற, 63-லிருந்து 140.

19. ரிப்போர்ட் சொல்ற சராசரியும் லேப்ல வந்த மூணு மாசச் சராசரியும் ஒத்துப் போகலையா? சென்சாரை உடனே திட்டாதே. இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தா லேப் கணக்கு இருக்கிறதைவிடக் கூடுதலாக் காட்டலாம். நம்ம பொம்பளைங்கள்ல எத்தனை பேருக்கு அது இல்ல? ஹீமோகுளோபினையும் ஒரு தடவை பார்த்துடு.

20. டாக்டர் உனக்குக் கொடுக்கப் போறது அஞ்சு நிமிஷம். போனை நீட்டி ஒவ்வொரு நாளா தள்ளிக் காட்டாதே. ரெண்டு வாரத்தையும் ஒரே பக்கத்துல காட்டுற தாள் இருக்கு, அதைப் பிரிண்ட் எடுத்து, திரும்பத் திரும்பத் தப்பாகுற ரெண்டு இடத்தை மட்டும் பேனாவால வட்டம் போடு. “தினமும் பதினோரு மணிக்கு இப்படி ஏறுது, மூணு நாள் ராத்திரி இப்படி இறங்கிச்சு, என்ன பண்ணலாம்?” அவ்வளவுதான் கேட்கணும். அதுக்கு முன்னாடி நீயா மாத்திரையைப் பாதியா உடைக்கிறதோ, ஊசியில ரெண்டு யூனிட் கூட்டுறதோ வச்சுக்காதே, எனக்குக் கெட்ட கோபம் வரும்.

21. பிய்ச்சு எடுக்காதே. ஓரத்துல தேங்காய் எண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு மெதுவா உரி. தோல் சிவந்து அரிச்சா அடுத்தது மறு கையில.

22. அடுத்த சென்சார் எப்போன்னா, டாக்டர் மருந்தை மாத்தினா, கர்ப்பம் தரிச்சா, காரணம் தெரியாம ரீடிங் ஏற ஆரம்பிச்சா. அதுவரைக்கும் பழைய மீட்டரே போதும். அலமாரியில இருக்கிற அந்த ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்துக் காலாவதி தேதி பாரு. தாண்டியிருந்தா இன்னைக்கே புதுசு வாங்கிடு.